லேப்டாப்ல டிவிடி ட்ரைவைக் கழட்டிட்டு ப்ளூ-ரே ட்ரைவ் போட்டப்போ தெரிஞ்சுகிட்டது

லேப்டாப்ல இருக்கிற டிவிடி ட்ரைவை எடுத்துட்டு, டிவிடியை விடத் தெளிவான படம் இருக்கிற ப்ளூ-ரே டிஸ்க்கைப் படிக்கிற ட்ரைவைப் போடலாமான்னு யாராவது கேட்டா நான் முதல்ல சொல்றது இது தான், ட்ரைவை மாத்துறது அடியில இருக்கிற ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழட்டுற வேலை, படத்தை ஓட வைக்கிறது தான் உண்மையான வேலை. டிஸ்க், ட்ரைவ், ப்ளேயர் சாஃப்ட்வேர், கிராஃபிக்ஸ் சிப், வெளிய போற கேபிள், கடைசில திரை, இந்த வரிசைல எது ஒண்ணு ஒத்துழைக்கலன்னாலும் கருப்புத் திரையும் ஒரு எரர் மெசேஜும் தான் வரும். அதனால ட்ரைவ் வாங்குறதுக்கு முன்னாடியே வரிசை முழுசையும் ஒரு தடவை சரிபாத்துட்டு தான் இறங்கினேன், அப்படியும் எதிர்பாக்காத சில விஷயங்கள் வந்துச்சு, அதையும் சேத்தே எழுதுறேன்.

என்னோடது இன்டெல் செகண்ட் ஜென் (ரெண்டாம் தலைமுறை) கோர் ஐ5 லேப்டாப், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, சிப்புக்குள்ளயே இருக்கிற ஹெச்டி கிராஃபிக்ஸ் 3000 தான். திரை 1366க்கு 768 புள்ளி. ஹெச்டிஎம்ஐ போர்ட் இருக்கு, விண்டோஸ் 10 ஓடுது, எஸ்எஸ்டி போட்டதுக்கு அப்புறம் வேகத்துல ஒரு குறையும் இல்ல. இதைத் தூக்கிப் போட மனசு வரல. கையில கொஞ்சம் ப்ளூ-ரே டிஸ்க் சேந்திருந்துச்சு, அதுல செகண்டுக்கு 40 மெகாபிட் வரைக்கும் வீடியோ வரலாம், ஸ்ட்ரீமிங்ல வர்ற 1080பி (1920க்கு 1080 புள்ளி) அதுல ஒரு சின்னப் பங்கு தான். இருட்டான சீன்ல ஸ்ட்ரீமிங் படம் பட்டை பட்டையா உடைஞ்சு தெரியுறதைப் பாத்தவங்களுக்கு நான் ஏன் டிஸ்க்கை விட மாட்டேங்குறேன்னு சொல்லாமலே புரியும்.

நிறைய பேர் கேக்குற கேள்வி, இருக்கிற டிவிடி ட்ரைவையே ஃபர்ம்வேர், அதாவது ட்ரைவுக்குள்ளயே இருக்கிற சாஃப்ட்வேரை, அப்டேட் பண்ணி ப்ளூ-ரே படிக்க வைக்க முடியாதா? முடியவே முடியாது. சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650, ப்ளூ-ரேக்கு 405, அதாவது ஊதா கலந்த நீலம். டிவிடில ஒரு ட்ராக்குக்கும் அடுத்த ட்ராக்குக்கும் நடுவுல 0.74 மைக்ரோமீட்டர் இடைவெளி, ப்ளூ-ரேல 0.32 தான். சிவப்பு லேசரோட புள்ளி அவ்ளோ சின்னதாவே ஆகாது, லென்ஸும் வேற. அதனால தான் அதே 12 சென்டிமீட்டர் தட்டுல டிவிடி ஒரு லேயர்ல 4.7 ஜிபி புடிக்குது, ப்ளூ-ரே 25 ஜிபி, ரெண்டு லேயர்னா 50 ஜிபி. இது ஹார்ட்வேர் விஷயம், ட்ரைவை மாத்தித் தான் ஆகணும்.

பழைய ட்ரைவ் தேடும்போது இன்னொண்ணும் கண்ணுல படும், ஹெச்டி டிவிடி ட்ரைவ். அதுலயும் நீல லேசர் தான், பேர்லயும் ஹெச்டி இருக்கு, ஆனா ப்ளூ-ரே படிக்காது. தோஷிபா 2008ல அந்த ஃபார்மட்டைக் கைவிட்டுடுச்சு, அந்தக் காலத்து லேப்டாப்ல இருந்து கழட்டின ட்ரைவ் இன்னமும் அங்கங்க சுத்திகிட்டு இருக்கு. ஒதுங்கிப் போயிடுங்க.

இப்ப அளவுக்கு வருவோம், இது தான் வாங்குறதுக்கு முன்னாடி பாக்க வேண்டிய முதல் விஷயம். லேப்டாப் ஆப்டிகல் ட்ரைவ் பெரும்பாலும் ரெண்டு உயரத்துல வரும், 12.7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர். ஸ்கேலை வச்சு லேப்டாப் பக்கவாட்டுல ட்ரைவோட முகப்பை அளந்தா தோராயமா தெரிஞ்சிடும், ஆனா முகப்பு பிளாஸ்டிக் சில லேப்டாப்ல உடம்போட வளைவுக்கு ஏத்த மாதிரி பெருசா இருக்கும், அதை நம்பி முடிவு பண்ணாதீங்க. டிவைஸ் மேனேஜர்ல இப்ப இருக்கிற ட்ரைவோட மாடல் நம்பரைப் பாத்து அதை வச்சு உயரத்தைத் தேடுங்க, இல்லன்னா ட்ரைவை வெளிய எடுத்து உலோக உடம்பை அளந்துடுங்க, அதை விட உறுதியான வழி கிடையாது. 12.7 ட்ரைவ் 9.5 இடத்துல நுழையவே நுழையாது. தலைகீழா, 9.5 ட்ரைவை 12.7 இடத்துல வைக்கலாம் தான், ஆனா உள்ள ஆடும், கனெக்டர் உயரம் சரியா நிக்காது, அதுக்கு இடைவெளியை அடைக்கிற ஒரு ஸ்பேசர் தேடணும். நான் அதே உயரத்துலயே தேடி வாங்கினேன்.

அடுத்தது கனெக்டர். கொஞ்சம் புதுசான லேப்டாப் எல்லாம் ஸ்லிம்லைன் சாட்டா, டேட்டாக்கு 7 பின், பவருக்கு 6 பின், 5 வோல்ட் மட்டும் தான் போகும். ஹார்ட் டிஸ்க்ல இருக்கிற 15 பின் பவர் கனெக்டர் இங்க கிடையாது, அதனால ஹார்ட் டிஸ்க் கேபிளை வச்சு ட்ரைவை டெஸ்ட் பண்ண நினைக்காதீங்க. ரொம்பப் பழைய லேப்டாப்ல சாட்டாவுக்கு முந்தின 50 பின் ஐடிஇ கனெக்டர் இருக்கும். அதுல ப்ளூ-ரே ட்ரைவ் வந்தது கம்மி, அப்படியே கிடைச்சாலும் மாஸ்டர், ஸ்லேவ் (எது முதல் ட்ரைவ், எது ரெண்டாவது) செட்டிங் ட்ரைவோட ஃபர்ம்வேர்லயே இருக்கும், லேப்டாப் எதிர்பாக்குறது வேறயா இருந்தா ஆன் பண்ணும்போதே எரர் காட்டும். அந்தக் காலத்து விண்டோஸ் எக்ஸ்பிக்கு ப்ளூ-ரே பயன்படுத்துற யூடிஎஃப் 2.50 ஃபைல் சிஸ்டமும் தானா தெரியாது, தனி ட்ரைவர் போடணும், விஸ்டால இருந்து தான் நேரடியாப் படிக்கும். ஐடிஇ லேப்டாப் வச்சிருக்கிறவங்க இந்த வேலைல இறங்காம இருக்கிறது நல்லதுன்னு தான் நான் நினைக்கிறேன், ட்ரைவ் சேந்தாலும் அந்தக் காலத்து கிராஃபிக்ஸ் சிப்பால படத்தை இழுக்க முடியாது.

மூணாவது, டிஸ்க் உள்ள போற விதம். ட்ரே வெளிய வர்ற வகைக்கும், டிஸ்க்கைப் பிளவுல தள்ளுற ஸ்லாட் வகைக்கும் முகப்பு வேற வேற, ஒண்ணு இருந்த இடத்துல இன்னொண்ணு ஒக்காராது. இதைச் சொல்ல வேண்டியதே இல்லன்னு தோணும், ஆனா ட்ரைவோட போட்டோ மேல இருந்து மட்டும் எடுத்திருந்தா வித்தியாசமே தெரியாது, முன்பக்கப் போட்டோ இல்லாம வாங்காதீங்க.

ப்ளூ-ரே ட்ரைவ்லயும் ரெண்டு ரகம். காம்போ ட்ரைவ் ப்ளூ-ரேயைப் படிக்க மட்டும் செய்யும், சிடி டிவிடில எழுதும். ரைட்டர் ப்ளூ-ரேலயும் எழுதும். மாடல் பேருக்கு முன்னாடி பிடி-ஆர்ஈன்னு இருந்தா வழக்கமா ரைட்டர். படம் பாக்க மட்டும்னா காம்போவே போதும், படிக்கிறதுல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசத்தை நான் பாக்கல. நான் ரைட்டர் எடுத்தேன், காரணம் போட்டோ பேக்கப், குடும்பப் போட்டோ எல்லாத்தையும் 25 ஜிபி டிஸ்க்ல எழுதி ஒரு காப்பி தனியா வச்சுக்கலாம்னு. ஆனா சோனி 2025 பிப்ரவரியோட எழுதக்கூடிய ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பை நிறுத்திடுச்சு, அதனால பேக்கப்புக்காக மட்டும் இப்ப ரைட்டர் தேடுறவங்க வெத்து டிஸ்க் தொடர்ந்து கிடைக்குதான்னு பாத்துட்டு இறங்குங்க.

முகப்பு பிளாஸ்டிக்கைப் பத்திக் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா பெசல்னு சொல்ற இந்தத் துண்டைப் பத்தி யாரும் முன்கூட்டியே யோசிக்கிறதில்ல. தனியா விக்கிற ட்ரைவ் ஒரு சாதாரண தட்டையான கருப்பு பெசலோட வரும், இல்ல பெசலே இல்லாம வரும். நம்ம லேப்டாப் ஓரம் வளைஞ்சிருக்கும், சரிஞ்சிருக்கும், அதனால பழைய ட்ரைவோட பெசலைக் கழட்டிப் புதுசுல மாட்டணும். ட்ரேயைக் கொஞ்சம் வெளிய இழுத்து வச்சுட்டு பின்பக்கம் இருந்து பாத்தா பெசலைப் புடிச்சிருக்கிற சின்னச் சின்னக் கொக்கி தெரியும், ரெண்டு ஓரத்துல ஒண்ணு ஒண்ணு, அடியில ஒண்ணு. நகத்தாலயோ மெல்லிசான பிளாஸ்டிக் துண்டாலயோ ஒரு ஓரத்தை நெம்பிட்டு மத்ததை வரிசையா விடுவிக்கணும், ஒரே இழுவைல இழுத்தா கொக்கி உடையும், உடைஞ்சா ட்ரே மூடும்போதெல்லாம் முகப்பு கையோட வந்துரும். ஸ்க்ரூட்ரைவர் முனையை வச்சு நெம்புனா பிளாஸ்டிக்ல வெள்ளைத் தழும்பு விழும், அது போகாது.

என் ட்ரைவ்ல நடந்தது என்னன்னா, ஓரத்துக் கொக்கி ரெண்டும் சரியாப் போய் மாட்டுச்சு, அடியில இருக்கிற கொக்கிக்கு நேரா புது ட்ரைவ்ல ஓட்டையே இல்ல. அதோட எஜெக்ட் பட்டனுக்குப் பின்னாடி இருக்கிற பிளாஸ்டிக் முளை, ட்ரைவோட சுவிட்சுக்கு நேரா வராம ஒரு நூல் தள்ளி நின்னுச்சு. ரெண்டு ட்ரைவும் வேற வேற கம்பெனி தயாரிப்பு, அதனால வந்த வித்தியாசம். அடிக் கொக்கியை நகம் வெட்டியால வெட்டி, மீதி மேட்டை நகம் தேய்க்கிற அரத்தால சமமாத் தேய்ச்சேன், பட்டன் முளைக்குப் பக்கத்துல மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் துண்டை ஒட்டி அகலப்படுத்தினேன், இப்ப அமுக்கினா சுவிட்ச் க்ளிக்னு கேக்குது. இந்த வேலைல இறங்க இஷ்டமில்லாதவங்க பழைய ட்ரைவ் எந்தக் கம்பெனியோ அதே கம்பெனியோட ப்ளூ-ரே ட்ரைவைத் தேடுங்க, கொக்கி இருக்கிற இடம் ஒத்துப் போக வாய்ப்பு அதிகம். உங்க லேப்டாப் மாடலே ப்ளூ-ரே ஆப்ஷனோட வித்திருந்தா இன்னும் நல்லது, அந்த மாடலோட சர்வீஸ் மேனுவல்ல எந்தெந்த ட்ரைவ் போட்டாங்கன்னு இருக்கும், அதுல ஒண்ணைத் தேடிப் புடிச்சா பெசல்ல இருந்து பின்பக்கம் இருக்கிற உலோகப் பட்டை வரைக்கும் ஒரு தொல்லையும் கிடையாது.

மாட்டுற வேலையைச் சுருக்கமா சொல்லிடுறேன். லேப்டாப்பை முழுசா ஷட்டவுன் பண்ணிட்டு, அடாப்டரைப் புடுங்கிட்டு, பேட்டரியையும் எடுத்துட்டு, பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் புடிச்சு மிச்ச மின்சாரத்தை இறக்கிடணும். அடியில ஒரு ஸ்க்ரூவுக்குப் பக்கத்துல டிஸ்க் படம் போட்டிருக்கும், அது தான் ட்ரைவைப் புடிச்சிருக்கிறது, எல்லா லேப்டாப்லயும் படம் இருக்காது, சிலதுல கவரைக் கழட்டினா தான் தெரியும். அதை எடுத்ததும் ட்ரைவ் பக்கவாட்டுல நேரா வெளிய வரும். இறுக்கமா இருந்தா ட்ரேயைப் புடிச்சு இழுக்காதீங்க, ட்ரேயைத் தாங்குற தண்டவாளம் ரொம்ப மெல்லிசு, உள்ள இருந்து ட்ரைவோட உலோக உடம்பைத் தள்ளுங்க. பின்பக்கம் சின்ன ஸ்க்ரூல ஒரு உலோகப் பட்டை இருக்கும், அதைக் கழட்டிப் புது ட்ரைவ்ல அதே பக்கம், அதே திசைல மாட்டுங்க, இது இல்லாம போட்டா அடி ஸ்க்ரூ புடிக்கிறதுக்கு இடமே இருக்காது. அப்புறம் ட்ரைவை நேரா உள்ள தள்ளி, கடைசில கனெக்டர் போய் உக்காருற அந்தச் சின்ன எதிர்ப்பு கையில தெரியுற வரைக்கும் அமுக்கணும். முகப்பு லேப்டாப் ஓரத்தோட சமமா நிக்கணும், கொஞ்சம் துருத்திகிட்டு இருந்தா கனெக்டர் முழுசா உக்காரலன்னு அர்த்தம், அப்படியே ஸ்க்ரூவைப் போட்டு முறுக்காதீங்க. ட்ரைவையே பிரிச்சு உள்ள என்ன இருக்குன்னு பாக்குற ஆசை வேண்டாம், மூடி இருக்கிற வரைக்கும் தான் அந்த லேசர் கண்ணுக்குப் பாதுகாப்பு.

ஆன் பண்ணினதும் நேரா விண்டோஸுக்குப் போகாம பயாஸ்ல, அதாவது விண்டோஸுக்கு முன்னாடி வர்ற லேப்டாப்போட செட்டிங் திரைல, போய் ட்ரைவ் பேர் வருதான்னு பாருங்க. அங்க வந்துச்சுன்னா கனெக்டர் சரி, இனிமே வர்ற பிரச்சனை எல்லாம் சாஃப்ட்வேர் பக்கம். விண்டோஸுக்குத் தனி ட்ரைவர் எதுவும் வேண்டாம், தானா எடுத்துக்கும். பயாஸ்ல வருது ஆனா விண்டோஸ்ல மஞ்சள் ஆச்சரியக்குறியோட நிக்குதுன்னா, பெரும்பாலும் முன்னாடி போட்டிருந்த டிஸ்க் எழுதுற சாஃப்ட்வேர், விண்டோஸ் தன் செட்டிங்கை எல்லாம் சேத்து வைக்கிற ரெஜிஸ்ட்ரில விட்டுட்டுப் போன அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ்ங்கிற பதிவு தான் காரணம். சிடி-ராம் பிரிவுல இருக்கிற அந்த ரெண்டையும் பேக்கப் எடுத்துட்டு அழிச்சு ரீஸ்டார்ட் பண்ணா ட்ரைவ் வந்துரும். வேற பிரிவுலயும் இதே பேர்ல பதிவு இருக்கும், அதைத் தொடக் கூடாது.

அடுத்து ஒரு டெஸ்ட், இதை ப்ளேயர் சாஃப்ட்வேர் போடுறதுக்கு முன்னாடியே பண்ணிடுங்க. ஒரு ப்ளூ-ரே படத்தைப் போட்டு எக்ஸ்ப்ளோரர்ல திறந்தா பிடிஎம்வின்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுக்குள்ள ஸ்ட்ரீம் ஃபோல்டர், அதுல எம்2டிஎஸ் ஃபைல் வரிசையா இருக்கும். அதுல பெரிய ஃபைலா ஒண்ணை ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி பண்ணிப் பாருங்க. பூட்டு போட்டு (என்க்ரிப்ட் பண்ணி) இருக்கிறதால அது ஓடாது, ஓட வேண்டியதும் இல்ல, காப்பி எரர் இல்லாம முடியுதாங்கிறது தான் கேள்வி. முடிஞ்சா லேசரும் லென்ஸும் நல்லா இருக்குன்னு தெளிவாத் தெரிஞ்சுடும், பின்னாடி படம் ஓடலன்னா ட்ரைவ் மேல சந்தேகப்பட்டு நேரத்தைத் தொலைக்க வேண்டாம். வேகத்தையும் பாருங்க, ப்ளூ-ரேல 1எக்ஸ்னா செகண்டுக்கு 4.5 எம்பி, படத்துக்கு அதிகபட்சம் 1.5எக்ஸ் போதும், நல்ல நிலையில இருக்கிற ஸ்லிம் ட்ரைவ் இதைத் தாண்டி சாதாரணமா போகும்.

இனி தான் பெரிய விஷயம், ப்ளேயர் சாஃப்ட்வேர். விண்டோஸ் எந்தப் பதிப்புலயும் ப்ளூ-ரே படத்தைத் தானா ஓட்டாது. டிஸ்க்ல இருக்கிற படம் ஏஏசிஎஸ்ங்கிற பூட்டு போட்டு வருது, சில டிஸ்க்ல பிடி ப்ளஸ்னு இன்னொரு பூட்டும் சேரும். இந்தப் பூட்டைத் திறக்கிற சாவி லைசன்ஸ் வாங்கின ப்ளேயர் சாஃப்ட்வேர்கிட்ட தான் இருக்கும். சாவி ஒரு தடவை வெளிய கசிஞ்சா அதுக்கு அப்புறம் வர்ற டிஸ்க்ல அந்தச் சாவி செல்லாதபடி மாத்திடுவாங்க, அதனால ப்ளேயர் சாஃப்ட்வேருக்குப் புதுச் சாவி அப்டேட்டா வந்துகிட்டே இருக்கணும். இன்னொரு பக்கம் ட்ரைவும் காவலுக்கு நிக்குது, ப்ளேயர் தன்னை நிரூபிச்சா தான் ட்ரைவ் பேசும், எந்தெந்த ப்ளேயரை ஒதுக்கணும்ங்கிற பட்டியல் புது டிஸ்க்லயே வரும், அந்த டிஸ்க்கை உள்ள விட்டதும் ட்ரைவ் அந்தப் பட்டியலைத் தன்னோட மெமரில எழுதி வச்சுக்கும். அதாவது நேத்து வரைக்கும் ஓடின பழைய ப்ளேயர், ஒரு புது டிஸ்க் போட்டதுக்கு அப்புறம் பழைய டிஸ்க்கைக் கூட ஓட்டாம போகலாம். காசு கொடுத்து வாங்கின டிஸ்க், காசு கொடுத்து வாங்கின ட்ரைவ், இதுக்கு நடுவுல இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கல, ஆனா இது இப்படித் தான் இயங்குதுன்னு தெரிஞ்சுகிட்டா தடுமாற மாட்டோம்.

என்னோட ட்ரைவ் கூட ஒரு ப்ளேயர் சாஃப்ட்வேர் டிஸ்க்கும் வந்துச்சு. பழைய படங்கள் அதுல அழகா ஓடுச்சு, மெனு, சப்டைட்டில் எல்லாம் சரி. கொஞ்சம் பிந்தி வந்த படத்தைப் போட்டதும் அப்டேட் வேணும்னு ஒரு கட்டம், அமுக்கினா சர்வர் பதிலே இல்ல. அந்தப் பதிப்புக்கு அப்டேட் கொடுக்கிறதைக் கம்பெனி எப்பவோ நிறுத்திடுச்சுன்னு அப்புறம் தான் தெரிஞ்சுது, உதவி கேட்டு எழுதினா புதுப் பதிப்பு வாங்கச் சொல்லி ஒரு பதில். இதனால ஒண்ணு சொல்றேன், ட்ரைவோட இலவசமா வர்ற ப்ளேயரை ஒரு காரணமா வச்சு ட்ரைவைத் தேர்ந்தெடுக்காதீங்க, ப்ளேயருக்குத் தனியா செலவாகும்னு முதல்லயே கணக்குல எடுத்துக்கங்க. வாங்குறதுக்கு முன்னாடி ட்ரையல் பதிப்பைப் போட்டு உங்ககிட்ட இருக்கிறதுலயே கடைசியா வந்த டிஸ்க்கை ஓட்டிப் பாருங்க, பழைய டிஸ்க் ஓடுறதை வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. ட்ரையல்ல ப்ளூ-ரே வசதி இருக்கான்னும் முன்கூட்டியே படிச்சுக்கங்க, சிலதுல லைசன்ஸ் காரணமா அதை மட்டும் எடுத்துட்டுத் தருவாங்க.

இலவச ப்ளேயரான விஎல்சில ஓடாதான்னு என் தம்பி கேட்டான், "அண்ணா, அது தான் எல்லாத்தையும் ஓட்டுமே"ன்னு. பூட்டு இல்லாத டிஸ்க்கை, அதாவது நாமளே எழுதின டிஸ்க்கை, விஎல்சி நேரடியா ஓட்டும். பூட்டு போட்ட படத்துக்கு லிப்ஏஏசிஎஸ்ங்கிற லைப்ரரியும் சாவி ஃபைலும் தனியா வேணும், அது விஎல்சியோட வராது, மெனு வேணும்னா ஜாவாவும் இருக்கணும், பல படத்தோட மெனு ஜாவால எழுதினது. டிஸ்க் பூட்டைத் தாண்டுறது பத்தி ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் ஒவ்வொரு மாதிரி, உங்க இடத்துல என்னன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க. லினக்ஸ் வச்சிருக்கிறவங்களுக்கும் இதே கதை தான்.

கிராஃபிக்ஸ் பத்தி அதிகம் சொல்ல வேண்டியதில்ல. ப்ளூ-ரேல எம்பெக்-2, விசி-1, ஹெச்.264ங்கிற வீடியோவைச் சுருக்குற மூணு முறைல ஏதாவது ஒண்ணுல தான் படம் இருக்கும், இந்த மூணையும் கிராஃபிக்ஸ் சிப்பே டிகோட் பண்ணணும், அதாவது விரிச்சுப் படமாக்கணும். ஹெச்டி கிராஃபிக்ஸ் 3000 மூணையும் பண்ணுது. முதல்ல ஓட்டினப்போ ஃபேன் சத்தமா சுத்த ஆரம்பிச்சுது, டாஸ்க் மேனேஜர்ல பாத்தா ப்ராசஸர் கடுமையா வேலை செஞ்சுகிட்டு இருந்துச்சு, ப்ளேயர் செட்டிங்ல அந்த வேலையை கிராஃபிக்ஸ் சிப்புக்குக் கொடுக்கிற ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன் டிக் இல்ல. டிக் போட்டு ப்ளேயரை மூடித் திறந்ததும் ப்ராசஸர் இறங்கிடுச்சு, ஃபேனும் அமைதி ஆகிடுச்சு. இன்டெல் ஜிஎம்ஏ 950 மாதிரி பழைய சிப்புக்கு இந்த வசதி கிடையாது, அதுல ஹெச்.264 படம் தடுக்கித் தடுக்கித் தான் வரும். பேட்டரில பாக்குறதா இருந்தா படம் முடியுற வரைக்கும் தாங்கும்னு எதிர்பாக்காதீங்க, டிஸ்க் சுத்துறதே தனிச் செலவு.

1366க்கு 768 திரைல ப்ளூ-ரே பாத்து என்ன லாபம்னு கேக்கலாம். 1080பி படத்தைச் சுருக்கிக் காட்டுனாலும் டிவிடியைப் பெருசாக்கிக் காட்டுறதை விட நல்லாவே இருக்கு, துணியோட நெசவு, தூரத்துல இருக்கிற இலை எல்லாம் தனித்தனியா தெரியுது. ஆனா முழுப் பலன் டிவில தான். அங்க ஹெச்டிஎம்ஐ மட்டும் தான் வழின்னு வச்சுக்கங்க. வெளியே போற படத்துக்கு ஹெச்டிசிபிங்கிற காப்பித் தடுப்புப் பாதுகாப்பு கேப்பாங்க, லேப்டாப், டிவி ரெண்டும் அதுக்கு ஒத்துக்கணும், நடுவுல ஒரு ஸ்ப்ளிட்டரோ அடாப்டரோ இருந்தா அது காரணமாவே படம் நின்னுடும். பழைய அனலாக் இணைப்பான விஜிஏல அந்தப் பாதுகாப்பே கிடையாது, அதனால ப்ளேயர் அதுல படம் அனுப்ப மறுக்கும், பழைய ப்ரொஜெக்டர் வச்சிருக்கிறவங்க இதை மனசுல வச்சுக்கங்க. லேப்டாப் திரையையும் டிவியையும் ஒரே நேரத்துல டூப்ளிகேட்டா வச்சாலும் சில ப்ளேயர் முரண்டு புடிக்கும், டிவியை மட்டும் வச்சா உடனே சரியாகும்.

டிவியை 24 ஹெர்ட்ஸ்ல வச்சா கேமரா மெதுவா நகர்ற காட்சில படம் சீரா வரும், ஏன்னா பெரும்பாலான படம் செகண்டுக்கு 23.976 ஃப்ரேம்ல தான் டிஸ்க்ல இருக்கு. என்னோட செகண்ட் ஜென் சிப் 23.976 அனுப்பாம நேரா 24 அனுப்பும், அதனால சுமாரா 40 செகண்டுக்கு ஒரு தடவை ஒரு ஃப்ரேம் ரெண்டு தரம் வரும். உத்துப் பாத்தா தெரியும், 60 ஹெர்ட்ஸ்ல வர்ற தொடர் தடுமாற்றத்துக்கு இது எவ்வளவோ மேல். சவுண்டுக்கு விண்டோஸ்ல ஹெச்டிஎம்ஐயை டீஃபால்ட் டிவைஸா மாத்துங்க, ஹோம் தியேட்டர் ரிசீவர் இருந்தா ப்ளேயர்ல பிட்ஸ்ட்ரீம் ஆன் பண்ணிட்டா டால்பி ட்ரூஹெச்டி, டிடிஎஸ்-ஹெச்டி மாதிரி சவுண்ட் வகை எல்லாம் மாறாம அப்படியே ரிசீவருக்குப் போகும்.

ரீஜன், அதாவது டிஸ்க் உலகத்துல எந்தப் பகுதிக்குன்னு குறிக்கிற விஷயமும் இருக்கு. டிவிடிக்கு ரீஜன் ட்ரைவ்லயே பதிவாகும், மொத்தம் 5 தடவை தான் மாத்தலாம், ட்ரைவ் புதுசுங்கிறதால முதல் டிவிடி போடும்போது கேட்டா யோசிச்சு பதில் கொடுங்க. ப்ளூ-ரேக்கு ஏ, பி, சின்னு மூணு ரீஜன், அதைச் சரிபாக்குறது ட்ரைவ் இல்ல, ப்ளேயர் சாஃப்ட்வேர். வெளிநாட்டுல இருந்து டிஸ்க் வரவழைக்கிறவங்க உறையோட பின்னாடி அந்த எழுத்தைப் பாத்துட்டு வாங்குங்க, பல டிஸ்க்ல ரீஜன் தடையே இருக்காது.

4கே டிஸ்க்கும் ஓடுமான்னு கேட்டா இந்த மாதிரி லேப்டாப்ல ஓடாது. அதுக்குத் தனியா ஏஏசிஎஸ் 2.0, ஹெச்டிசிபி 2.2, அதோட ப்ராசஸருக்குள்ள பாதுகாப்பான ஒரு பகுதியை ஒதுக்குற இன்டெல்லோட எஸ்ஜிஎக்ஸ் வசதி வேணும், அது ஏழாவது ஜென் ப்ராசஸர்ல இருந்து தான் ப்ளேயர் சாஃப்ட்வேர் ஏத்துகிச்சு, அப்புறம் இன்டெல்லே சாதாரண கம்ப்யூட்டர் ப்ராசஸர்ல இருந்து எஸ்ஜிஎக்ஸை எடுத்துடுச்சு. லைசன்ஸ் வாங்கின வழில 4கே பாக்கணும்னா தனி ப்ளேயர் பெட்டி தான் நல்லது. 4கே படம் வாங்கும்போது பல பெட்டில சாதாரண ப்ளூ-ரே டிஸ்க்கும் கூடவே இருக்கும், அது இந்த ட்ரைவ்ல தாராளமா ஓடும்.

ட்ரைவ் வைக்க இடமே இல்லாத லேப்டாப்னா யூஎஸ்பி ப்ளூ-ரே ட்ரைவ் வாங்கிடுங்க, வேகத்துக்கு யூஎஸ்பி 2.0 கூட போதும், படத்துக்கு அதிகபட்சம் செகண்டுக்கு 54 மெகாபிட் தான் வேணும், அது கொடுக்கிறது 480. பிரச்சனை வேகத்துல இல்ல, கரண்டுல. டிஸ்க் சுத்த ஆரம்பிக்கிற நொடில ட்ரைவ் கேக்குறது ஒரு யூஎஸ்பி 2.0 போர்ட் கொடுக்கிற 500 மில்லிஆம்பியரைத் தாண்டிடும், அதனால தான் ரெண்டு முனை இருக்கிற கேபிள் தர்றாங்க, ரெண்டையும் மாட்டுங்க. டிஸ்க் சுத்தி நின்னு, சுத்தி நின்னு திணறுதுன்னா முதல்ல இதைத் தான் பாக்கணும்.

டிஸ்க்கைக் கையாளுறதுல டிவிடி பழக்கம் உதவாது. டிவிடில டேட்டா 0.6 மில்லிமீட்டர் ஆழத்துல இருக்கு, ப்ளூ-ரேல வெறும் 0.1 மில்லிமீட்டர். மேல கெட்டியான பூச்சு இருக்கிறதால லேசுல கீறல் விழாது, ஆனா கைரேகை, தூசி டிவிடியை விட சீக்கிரமா படத்தை நிறுத்தும். ஓரத்தைப் புடிச்சு எடுங்க, துடைக்கிறதா இருந்தா மெல்லிசான துணியால நடுவுல இருந்து ஓரத்துக்கு நேரா. லேப்டாப் ட்ரேல டிஸ்க்கை நடு அச்சுல வச்சு அமுக்கும்போது இன்னொரு கையை ட்ரேக்கு அடியில தாங்கலா வைங்க, க்ளிக்னு உக்காந்தா தான் மூடணும்.

கழட்டின பழைய டிவிடி ட்ரைவைத் தூக்கிப் போட்டுடாதீங்க. ஸ்லிம் ட்ரைவுக்குன்னு யூஎஸ்பி கேஸ் கிடைக்குது, வாங்கும்போது அதே 12.7 இல்ல 9.5 உயரம், அதே சாட்டா கனெக்டரான்னு பாத்துக்கங்க. புது ட்ரைவோட வந்த தட்டையான பெசலைப் பழைய ட்ரைவ்ல பொருத்தி கேஸ்ல வச்சிருக்கேன். கீறல் விழுந்த பழைய ஆடியோ சிடி சிலதைப் புது ட்ரைவ் பாதியிலயே விட்டுடுது, இது பொறுமையா கடைசி பாட்டு வரைக்கும் படிச்சுக் கொடுக்குது, அதனால சிடி எல்லாத்துக்கும் இப்ப இதைத் தான் பயன்படுத்துறேன்.